பெட்டியைத் திறக்கும் முன்: வடசென்னைத் தொழிற்பகுதியில் சர்வர் மேம்படுத்தல்

வடசென்னையில் ஒரு நிறுவனத்தின் சர்வர் நின்றுபோனால் அது முதலில் தெரிவது சாலையில்தான். இ-வே பில் கையில் இல்லாமல் லாரி கிளம்பாது. ஃபார்ம் 13 இல்லாத ஏற்றுமதிக் கன்டெய்னர் துறைமுக வாசலைத் தாண்டாது. எடைமேடைச் சீட்டு அச்சாகாவிட்டால் அந்த வண்டியும் நகராது, பின்னால் நிற்பவையும் நகரா. திருவொற்றியூரிலிருந்து காசிமேடு ஜீரோ கேட் வரை ஏற்கெனவே திணறும் சாலையில் இன்னும் சில டிரெய்லர்கள் சேர்ந்து நிற்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அன்றைய நடை போயிற்று. தன் நடை எந்த அறையில், எந்தப் பெட்டியில் நின்றுபோனது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

இப்படி நிற்பதற்குக் காரணம் எப்போதும் பழுது அல்ல. ஓடிக்கொண்டிருந்ததை இன்னும் வேகமாக ஓட வைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைத் திறந்ததும் காரணமாக இருக்கிறது. ரேம் சேர்க்கப் போனார்கள், டிஸ்க் மாற்றப் போனார்கள், திங்கட்கிழமை காலை வேறு ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரங்களைப் பற்றியது. புதிய பாகத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையைவிட இரண்டு விஷயங்களில் காட்டும் அக்கறைதான் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றும் என்பது என் முடிவு. பழைய பெட்டி என்னென்ன வேலை செய்கிறது என்று எழுதி வைப்பது ஒன்று. எடுத்த பேக்கப்பை வேறோர் இயந்திரத்தில் மீட்டுப் பார்ப்பது மற்றொன்று. கடலும் ஆலைப்புகையும் சேர்ந்திருக்கும் இந்தப் பகுதியில் மூன்றாவதாகக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ராயபுரத்துக்கு 1856இல் ரயில் வந்தது. 1950களின் நடுவில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை, 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1983இல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய நிறுவனங்கள் இங்கே வந்து அமர்ந்தன. அவற்றுக்குத் தனித் தகவல் தொழில்நுட்பத் துறை உண்டு, மாற்று ஏற்பாடு உண்டு. அவற்றை நம்பி வாழும் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்களுக்கு அது கிடையாது. சுங்கத் தரகர் அலுவலகம், சரக்குப் பெட்டக நிலையம், டிரெய்லர் கம்பெனி, லாரி உதிரிபாகம் கடையும் பட்டறை, மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்கு என்று எதை எடுத்தாலும் ஒரே ஒரு டவர் சர்வர், மாடிப்படிக்கு அடியிலோ கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலோ இருக்கும். ஆண்டுப் பராமரிப்பு (ஏஎம்சி) ஒப்பந்தத்தில் வந்து பார்த்துப் போகும் ஒருவர் இருப்பார். இந்தக் கட்டுரை இவர்களுக்கானது.

முதலில், மேம்படுத்தல் என்று எதைச் சொல்கிறோம்? நடைமுறையில் மூன்று நிலைமைகள். சர்வர் மெதுவாகிவிட்டது, டிஸ்க் நிறைந்துவிட்டது, இயந்திரமோ அதன் இயங்குதளமோ காலாவதியாகிவிட்டது. விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்குமான ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு முடிந்தது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரியில் முடிகிறது. மூன்றாவது நிலைமையில் இருப்பவர்கள் பழைய பெட்டிக்குள் புதிய பாகம் போடுவது வீண்செலவு. முதல் நிலைமைதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. "ஸ்லோவா இருக்கு, ரேம் போடுங்க" என்று முதலாளி சொல்வார், ரேம் வரும், வேகக்குறைவு அப்படியே இருக்கும், ஏனென்றால் தாமதம் சுழலும் டிஸ்க்கில் இருந்தது. வாங்குவதற்கு முன் ஒரு முழு மாதமாவது பதிவெடுக்க வேண்டும். மாதக் கடைசி, ஜிஎஸ்டி தாக்கல் நாள், ஒரே நேரத்தில் நான்கைந்து கப்பல்களுக்குச் சரக்கு சேரும் நாள் எல்லாம் அந்தப் பதிவுக்குள் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பில் பொருள் இல்லை.

இனி, இந்தப் பெட்டி என்னென்ன செய்கிறது? எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான மேம்படுத்தல்கள் இடறுகின்றன. சர்வரை அமைத்துக் கொடுத்தவர் வேலை மாறிப் போயிருப்பார். அவர் தலையில் இருந்தது எந்தக் காகிதத்திலும் இல்லை. எடைமேடையின் காட்டி ஒரு சீரியல் கேபிளில் வந்து சேர்ந்திருக்கும். புதிய இயந்திரத்தில் அந்த வாய் இருக்கிறதா என்று வாங்கும்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட் பாஸ் நான்கு படிகளில் அச்சாகும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இன்னும் பழைய பேரலல் கேபிளில் தொங்கும். ஏதோ ஒரு வடிவமைப்பு மென்பொருளின் டாங்கிள் பின்பக்க யுஎஸ்பியில் செருகியிருக்கும். தூசி துடைக்கும்போது அதைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டால் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள். சுங்கத் தாக்கலில் கையெழுத்திடும் டிஜிட்டல் சான்றிதழ் டோக்கன், அதற்கான டிரைவர், கடவுச்சொல். வெளியே ஒரு கப்பல் நிறுவனமோ வங்கியோ இந்த அலுவலகத்தின் ஐபி எண்ணை மட்டும் அனுமதித்து வைத்திருக்கும். அந்த எண் மாறினால் இணைப்பு சத்தமில்லாமல் அறுந்துவிடும். நள்ளிரவில் ஓடும் ஒரு சிறு நிரல், யாரும் பார்க்காத ஒரு கோப்புறையிலிருந்து ஸ்டாக் பட்டியலை எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும்.

உரிமங்கள் தனிக் கதை. டேலி உரிமத்தைப் பழைய இயந்திரத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் புதியதில் செயல்படுத்த வேண்டும். பழையது அணைந்த பிறகு இது நினைவுக்கு வந்தால் வேலை இரட்டிப்பாகும். விண்டோஸ் சர்வர் 2016 முதல் உரிமம் பிராசசரின் கோர் எண்ணிக்கையைப் பொறுத்தது, குறைந்தபட்சம் 16 கோர். அதிகக் கோர் உள்ள பிராசசருக்கு மாறினால் மென்பொருள் செலவும் ஏறும். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மதர்போர்டோ ஃபர்ம்வேரோ மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி அதே சர்வருக்குள்ளேயே ஒரு கோப்பாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்தப் பட்டியலை மேலாளரின் அறையில் உட்கார்ந்து தயாரிக்க முடியாது. கேட்டில் இருக்கும் எழுத்தரிடம், எடைமேடைப் பையனிடம், பில் போடும் அக்காவிடம் போய் உட்கார வேண்டும். "காலையில் வந்ததும் முதலில் என்ன திறப்பீங்க? எது வரலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?" இந்த இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் எந்த மென்பொருள் தரும் அறிக்கையைவிடவும் முழுமையாக இருக்கும். கூடவே இரண்டு வாரம் அந்தச் சர்வரோடு எந்தெந்தக் கணினிகள் பேசுகின்றன என்ற பதிவையும் எடுத்து ஒப்பிட்டால் போதும். பட்டியலில் இல்லாத ஓர் இணைப்பு பதிவில் தெரிந்தால் அதுதான் திங்கட்கிழமைச் சிக்கல்.

பேக்கப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; மீட்டெடுப்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரு நிறுவனத்தின் பேக்கப் நன்றாக இருக்கிறதா என்பதற்கு ஒரே சான்று, அதிலிருந்து வேறோர் இயந்திரத்தில் எல்லாவற்றையும் மீட்டு வேலை செய்து பார்த்ததுதான். நிரலர்களுக்கான சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் தேதி ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், நகலெடுப்பு ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். வேறு காரணத்துக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த, ஆறு மணி நேரம் பழைய ஒரு நகல்தான் காப்பாற்றியது. கணினியே தொழிலாக உள்ள நிறுவனத்தில் இது நடந்திருக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் சர்வரில், "பேக்கப் வெற்றி" என்று தினமும் பச்சை நிறத்தில் வரும் செய்தியை நம்பி உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசிக்க வேண்டும்.

துறைமுகத் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு அதே ஆண்டு ஜூனில் நடந்தது. நாட்பெட்யா கணினித் தாக்குதலில் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் உலகம் முழுக்க முடங்கின. நவசேவாவில் அந்தக் குழுமத்தின் முனையமும் நின்றது. காகிதத்தில் எழுதிக் கன்டெய்னரை நகர்த்தினார்கள், லாரிகள் வரிசையில் நின்றன. பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவியதாக நிறுவனத்தின் தலைவர் பிறகு சொன்னார். பயனர்களின் அடையாளங்களையெல்லாம் வைத்திருந்த மையச் சர்வரின் மற்ற எல்லா நகல்களும் அழிந்துவிட்ட நிலையில், கானா நாட்டு அலுவலகத்தில் மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியிருந்தது. இணைப்பில் இல்லாத ஒரு நகல் இருந்ததால் பிழைத்தார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2022 நவம்பரில் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டு இரண்டு வாரம் பேனாவும் காகிதமுமாக இயங்கியபோதும், தாக்குதல் எட்டாத பேக்கப் சர்வரிலிருந்துதான் நோயாளிகளின் தகவல் மீண்டது. மேம்படுத்தலுக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெட்டியைத் திறக்கும் இரவில் பேக்கப் டிஸ்க் அதே சர்வரில் செருகியிருந்தால், கைத்தவறும் மின்னழுத்த ஏற்றமும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். ஒரு நகல் கழற்றப்பட்டு வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

ரெய்டு முறையில் டிஸ்க்குகள் இரட்டையாக ஓடுகின்றன, எனவே பேக்கப் தேவையில்லை என்ற எண்ணம் இங்கே இன்னும் வலுவாக இருக்கிறது. ரெய்டு காப்பாற்றுவது ஒரு டிஸ்க் சாவதிலிருந்து மட்டும். தவறாக அழித்ததை அது இரண்டிலும் சேர்த்து ஒழுங்காக அழிக்கும். ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய டிஸ்க்குகள் ஒன்றாகவே வயதாகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: சில வகை எஸ்எஸ்டிகள் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால், ஓடத் தொடங்கி 32,768 மணி நேரம் ஆனதும், அதாவது மூன்று ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், செயலிழந்துவிடும், அதிலுள்ளவற்றை மீட்கவும் முடியாது. ஒன்றாகச் செருகியவை ஒன்றாகவே போகும். பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு டிஸ்க்கின் ஓட்ட மணி நேரத்தையும் ஃபர்ம்வேர் எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

மீட்டுப் பார்க்கும் சோதனை எப்படி இருக்க வேண்டும்? ஒரு சாதாரண மேசைக் கணினியை வாடகைக்கு எடுத்தாலும் போதும். பேக்கப்பை அதில் மீட்டு, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஷிப்பிங் பில்லைத் தேடி எடுங்கள். போன மார்ச் மாதக் கடைசிப் பேரேட்டுத் தொகையை இப்போதைய சர்வரில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். கேட் பாஸ் ஒன்றை அச்சிடுங்கள். தொடங்கியதிலிருந்து முடிந்ததுவரை எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதுங்கள். அந்த எண்தான் மேம்படுத்தும் இரவின் மையம். எந்த நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் பழையதற்குத் திரும்ப வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பழைய கணக்குகள் ஏன் மீள வேண்டும் என்பதற்குச் சட்டமும் காரணம். கம்பெனிகள் சட்டம் 8 நிதியாண்டுக் கணக்குகளைக் காக்கச் சொல்கிறது. கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் எடுக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். ஜிஎஸ்டி ஆவணங்களுக்கு ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள். சுங்கத் தரகர்களுக்கு 5 ஆண்டுகள். கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த உத்தரவின்படி கணினிப் பதிவுகள் 180 நாட்கள் இருக்க வேண்டும்; புதிய இயந்திரத்துக்கு மாறும்போது பழைய பதிவுகளை யாரும் எடுத்து வைப்பதில்லை. ஆடிட்டரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

காற்றுக்கு வருவோம். மற்ற ஊர்க் கையேடுகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். எண்ணூருக்கும் மணலிக்கும் நடுவே அப்படி முடிக்க முடியாது. அனல்மின் நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் உள்ள பகுதி இது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தயாரித்த கடும் மாசுப் பட்டியலில் மணலி இடம்பெற்றது. காற்றில் கந்தகச் சேர்மங்களும் கடல் உப்பும் ஈரமும் ஒன்றாக இருக்கின்றன. 2006இல் ஐரோப்பா ஈயப் பற்றவைப்பைத் தடை செய்த பிறகு மின்னணுப் பலகைகளின் மேற்பூச்சு மாறியது. வெள்ளிப் பூச்சுள்ள பலகைகளில் கந்தக வாயு பட்டால் சல்ஃபைடு உருவாகி மெல்லப் படர்ந்து அடுத்த தடத்தைத் தொட்டுவிடும். பூஜையறை வெள்ளி விளக்கைக் கறுக்க வைப்பதும் இதே வினைதான். வீட்டில் அதைத் தேய்த்து வெளுக்க வைக்கிறோம். மதர்போர்டில் அது முடியாது. தகவல் மையங்களுக்கு நெறிமுறை வகுக்கும் ஆஷ்ரே அமைப்பு, மாதத்துக்குத் தாமிரத் தகட்டில் 300 ஆங்ஸ்ட்ராம், வெள்ளித் தகட்டில் 200 ஆங்ஸ்ட்ராம் என்ற அளவுக்குக் கீழே அரிப்பு இருக்க வேண்டும் என்கிறது. தகடுகளை 30 நாள் அறையில் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு தெரிந்துவிடும். ஒரு புதிய சர்வரின் விலையோடு பார்த்தால் இது பெரிய செலவல்ல. அளவு மீறியிருந்தால் முதலில் அறையைச் சரிசெய்ய வேண்டும்: எக்ஸாஸ்ட் ஃபேனை எடுப்பது, ஜன்னல் இடுக்குகளை அடைப்பது, வெளிக்காற்றை இழுக்காத ஏசி. இல்லாவிட்டால் இன்று போடும் விலையுயர்ந்த பாகம் பழையதைவிட வேகமாக அரிபடும்.

இங்கே நிலவும் ஒரு பழக்கத்தை விட்டுவிடச் சொல்ல வேண்டும். ரேமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் அதன் தங்க முனைகளைத் தேய்ப்பது. கறுப்பு போகிறது, பெட்டி ஓடுகிறது, எனவே எல்லோரும் செய்கிறார்கள். மெல்லிய தங்கப் பூச்சும் கூடவே போகிறது. அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் இன்னும் வேகமாகக் கெடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணியால் ஒரே திசையில் துடைத்தால் போதும்.

இன்னொன்று வியர்வை. சென்னைக் கோடையில் காற்றின் பனிநிலை 25 டிகிரியைத் தொடுவது சாதாரணம். 20 டிகிரி ஏசி அறையில் இருந்த சர்வரை வெளி வராந்தாவுக்குத் தூக்கிவந்து திறந்தால் அதன் உலோகப் பரப்பில் நீர் படியும். கண்ணுக்குத் தெரியாத அளவில் படிந்தாலும், உள்ளே சேர்ந்திருக்கும் உப்புத்தூசி அதை உறிஞ்சி மின்சாரம் கடத்தத் தொடங்கும். "இடம் போதவில்லை, வெளியில வெச்சுப் பண்ணிடலாம்" என்பதை ஒப்புக்கொள்ளக் கூடாது. அந்த அறைக்குள்ளேயே, மணிக்கட்டில் நிலைமின் பட்டை கட்டி, வேலை நடக்க வேண்டும்.

வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடும் இயந்திரம் நிறுத்தியபின் கிளம்பாமல் போவதும் இந்தக் காற்றோடு சம்பந்தப்பட்டதுதான். அசையாமல் இருந்தவரை முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன. சூடு ஆறிச் சுருங்கியதும் விட்டுப்போகின்றன. பழைய டிஸ்க் சுழல மறுக்கிறது. மேம்படுத்தும் இரவில் இது நடந்தால், புதிய ரேமால் வந்த கோளாறா பழைய பழுதா என்று பிரிக்கவே முடியாது. எனவே ஒரு வாரம் முன்பு, எதையும் மாற்றாமல், முழுதாக நிறுத்தி, ஆற விட்டு, மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு யோசனையை மட்டுமாவது வாசகர் எடுத்துக்கொண்டால் எனக்குப் போதும்.

அந்தச் சோதனைக்கு நாள் தேட வேண்டியதில்லை. மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை என்று நாளிதழ்களில் பகுதிவாரியாக அறிவிக்கிறது. உங்கள் பகுதியின் பெயர் வரும் நாளே சோதனை நாள். யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது, ஜெனரேட்டர் எப்போது எடுக்கிறது, சர்வர் ஒழுங்காக அணைகிறதா என்று எல்லாம் ஒரே காலையில் தெரியும். யுபிஎஸ்ஸின் ஈய பேட்டரிகள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கின்றன. ஏசி இல்லாத மூலையில் கிடக்கும் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும். எர்த் குழியையும் அன்றே பார்த்துவிடலாம். உப்புமண்ணில் எர்த் கம்பி வேகமாகத் தின்னப்படுகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் புதிய சர்வரைச் செருகுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த நீரோடு எண்ணெயும் கலந்து எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. சுவரில் அது விட்டுப்போன கறுப்புக் கோட்டைப் பார்த்தவர்கள் தரைத்தளத்தில் சர்வர் வைக்க மாட்டார்கள். எப்படியும் பெட்டியை அணைக்கத்தான் போகிறீர்கள். அதே நாளில் மாடிக்கு ஏற்றிவிடுங்கள், பேட்டரிகளையும் சேர்த்து.

பாகங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, கடைக்காரர்களே விளக்குவார்கள். சில எச்சரிக்கைகள் மட்டும். ஆர்டிம், எல்ஆர்டிம் வகை ரேம்களை ஒரே சர்வரில் கலக்க முடியாது. டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 நுழையாது. முதல் தலைமுறை ஜியான் ஸ்கேலபிள் போர்டில் இரண்டாம் தலைமுறை பிராசசர் உட்காரும்; ஆனால் பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும், மாற்றியபின் திரையே வராது. இரண்டு பவர் சப்ளை இருந்தால், மேம்படுத்திய பிறகும் ஒன்று மட்டுமே முழுச் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடுங்கள். ரிச்சி தெருவில் கழற்றிய சர்வர் பாகங்கள் நியாயமான விலையில் கிடைக்கின்றன, அவற்றில் நல்லவையும் உண்டு. ரேமையும் பவர் சப்ளையையும் அங்கே வாங்கி இரண்டு நாள் சோதித்துப் பயன்படுத்தலாம். டிஸ்க்கை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

இத்தனை பாடு எதற்கு, எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்பிவிடலாமே என்று ஒரு தரப்பு சொல்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. உப்பும் கந்தகமும் வெள்ளமும் அவர்களுடைய கவலையாகிவிடும். மின்னஞ்சல், கணக்கு, ஆவணக் களஞ்சியம் ஆகியவற்றுக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் எடைமேடையும் கேட்டும் இங்கேதான் இருக்கின்றன. கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறினாலும், மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டும் பொக்லைன் அலுவலக வாசலில் ஃபைபரை அறுத்தால் அன்றைக்கு லாரி நிற்கத்தான் செய்யும். கேட் வேலைக்கு உள்ளூரில் ஒரு சிறு சர்வர், அதன் நகல் வெளியே என்பதுதான் இந்தப் பகுதிக்குப் பொருந்தும் ஏற்பாடு. கிளவுடுக்குப் போகிறவர்களுக்கும் மேலே சொன்ன பட்டியலும் மீட்புச் சோதனையும் அப்படியே தேவை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய கட்டமைப்புக்கு ஒரே வார இறுதியில் மாறியபோது ஏறத்தாழ 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இரண்டு தகவல் மையங்களில் ஒன்றை மட்டுமே சுமையேற்றிச் சோதித்திருந்தார்கள் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கும் மேல்.

ஒரே இரவில் எல்லாம் என்ற ஆசை சிறு அலுவலகத்திலும் இருக்கிறது. பெட்டியைத் திறக்கிறோமே, கூடவே இயங்குதளத்தையும் புதுப்பித்து, டேலியையும் புதிய பதிப்புக்கு மாற்றி, ரவுட்டரையும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஓர் இரவுக்கு ஒரு மாற்றம். மறுநாள் ஏதாவது தவறினால் எதனால் தவறியது என்று சொல்ல முடிய வேண்டும்.

எந்த நாள்? ஆயுத பூஜை விடுமுறை என்று சிலர் சொல்வார்கள். பொட்டு வைத்துப் பூசை போட்ட இயந்திரத்தை மறுநாள்வரை தொடாத வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. தவிர அது வடகிழக்குப் பருவமழையின் வாசல். எனக்குச் சரியாகப் படுவது பொங்கல். மழை ஓய்ந்திருக்கும், ஈரம் குறைந்திருக்கும், தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 ஜனவரி 11இல் முடிந்திருக்கும், ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிதான். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் அந்த நாட்களைப் போல வசதியான இடைவெளி ஆண்டில் வேறு இல்லை. விடுமுறையே இல்லாத பெட்டக நிலையங்கள் மூன்று மாதக் கேட் பதிவேட்டை மணிவாரியாகப் பார்த்து வண்டி குறைந்த நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். கப்பல் கட்-ஆஃப் நேரத்துக்கு முந்தைய இரவைத் தவிர்க்க வேண்டும். எந்த நாளானாலும் எண்ணிட்ட வெற்றுக் கேட் பாஸ் புத்தகமும் கார்பன் தாளும் கேட்டில் தயாராக இருக்கட்டும்.

பொங்கலைச் சொல்லும்போது ஒருவரை மறந்துவிடக் கூடாது. வேலையைச் செய்யப்போகிறவருக்கும் ஊர் உண்டு, வீட்டில் பொங்கல் உண்டு. ஏஎம்சி ஒப்பந்தத்தின் பெயரால் இரவு முழுக்க அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு முதலாளி வீட்டுக்குப் போய்விடுவது இந்தப் பகுதியில் நடக்கிறது. தூக்கக் கலக்கத்தில் தனியாக இருப்பவர் அதிகாலை மூன்று மணிக்குத் தவறான டிஸ்க்கைக் கழற்றினால் அது அவர் குற்றம் மட்டும் அல்ல. இரண்டு பேர் இருக்க வேண்டும். அந்த இரவுக்குத் தனிக் கூலி முன்பே பேசப்பட வேண்டும். திரும்பிப் போவதென்ற முடிவை எடுக்கும் அதிகாரம் உள்ளவர் தொலைபேசியில் அல்ல, அறையில் இருக்க வேண்டும். டிஸ்க்குகளில் எந்த இடம் எது என்று ஸ்டிக்கர் ஒட்டி, கேபிள்களைப் புகைப்படம் எடுத்து, அதற்குப் பிறகே திருகாணியில் கை வைக்க வேண்டும்.

சர்வர் கிளம்பியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுவார்கள். சர்வர் நேரத்தை நாட்டின் நேரச் சேவையோடு ஒத்திசைத்துப் பார்க்க வேண்டும். சில நிமிடங்கள் பிசகினாலும் டிஜிட்டல் கையெழுத்தும் உள்நுழைவும் தடுமாறும். கேட் எழுத்தரை வரவழைத்து ஒரு முழு நடையை ஓட்டிப் பார்க்க வேண்டும்: வண்டி உள்ளே, எடை, பாஸ், பில், வண்டி வெளியே. அவர் சரி என்றால்தான் சரி. அன்றிரவே புதிய பேக்கப் ஒன்றும் எடுக்க வேண்டும், ஏனென்றால் பழைய பேக்கப் பழைய பெட்டிக்கு எடுத்தது.

கழற்றிய டிஸ்க்குகளையோ பழைய சர்வரையோ ஒரு மாதக் கணக்கு முடியும்வரை விற்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு அவற்றிலுள்ளதை முறையாக அழித்து, எந்த டிஸ்க், யார் அழித்தது, எப்போது என்று பதிவேட்டில் குறித்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ரசீதோடு கொடுக்க வேண்டும். தாமிரத்துக்காகத் திறந்தவெளியில் ஒயர் எரிக்கும் புகை வடசென்னைக்குப் புதிதல்ல. நம் பழைய பெட்டி அந்த நெருப்புக்குப் போகக் கூடாது. எடைக்கு எடுக்கும் காயலான் கடையில் வாடிக்கையாளரின் ஏற்றுமதி-இறக்குமதி (ஐஇசி) எண்ணும் வங்கிக் கணக்கும் அழியாமல் கிடக்கும் டிஸ்க் போய்ச் சேர்ந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த நிறுவனத்தின் உரிமையாளர்.